பாஸிவ் செமி-குளோஸ்டு ரீபிரீதர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கூபாவில் ஓரளவு பழகியவர்கள் ரீபிரீதர் பக்கம் எட்டிப் பார்க்கும்போது பெரும்பாலும் ஒரே மாதிரி சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். பாஸிவ் வகைக் கருவியைப் பற்றி என் காதில் திரும்பத் திரும்ப விழுந்தவற்றை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்ன கணக்குகளை நம்பி எழுதப்பட்டவை.

எண்கள் வரும் இடமெல்லாம் ஒரே டைவரை வைத்துக்கொள்வோம். அவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்றை மூச்சாக உள்ளிழுக்கிறார், அதில் 1 லிட்டர் ஆக்சிஜனை உடல் செலவழிக்கிறது, அவருடைய கருவி ஒவ்வொரு மூச்சிலும் எட்டில் ஒரு பங்கை வெளியே தள்ளுகிறது. உங்கள் உடலும் கருவியும் வேறாக இருக்கலாம். அதனால் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்க வேண்டாம்.

ரீபிரீதர்னா என்ன? சாதாரண ஸ்கூபால என்ன குறை?

சாதாரண ஸ்கூபாவில் சிலிண்டரிலிருந்து ஒரு மூச்சு இழுக்கிறீர்கள், விடும்போது அது முழுவதும் குமிழியாகத் தண்ணீரில் போய்விடுகிறது. தரையில் நாம் உள்ளிழுக்கும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன், வெளியே விடும் காற்றில் இன்னும் 16 சதவீதத்துக்கு மேல் மிச்சம். ஆழத்தில் இந்த வீணடிப்பு இன்னும் கூடும். 30 மீட்டரில் அழுத்தம் 4 பார், அதாவது தண்ணீர் மட்டத்தில் இருப்பதைப் போல நான்கு மடங்கு. ஒரு மூச்சுக்கு நான்கு மூச்சளவு காஸ் செலவாகிறது. ஆனால் உடலுக்கு வேண்டிய ஆக்சிஜன் அதே அளவுதான்.

ரீபிரீதர் அந்த மூச்சைப் பிடித்து வைத்து, அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடை சோடா லைமில் உறிஞ்ச வைத்து, குறைந்த ஆக்சிஜனை எப்படியாவது ஈடுகட்டித் திரும்பக் கொடுக்கிறது. வாய்க்கட்டையில் இரண்டு ஒருவழி வால்வுகள், போக ஒரு குழாய், வர ஒரு குழாய், மூச்சு போய்த் தங்க ஒரு பை அல்லது துருத்தி, சோடா லைம் டப்பா. காஸ் இதற்குள்ளேயே சுற்றி வருவதால் இதை மூச்சுச் சுற்று என்கிறேன். பெரும்பாலான ரீபிரீதர்களில் இந்த உறுப்புகள் உண்டு. அந்த ‘எப்படியாவது’ என்ற இடத்தில்தான் வகைகள் பிரிகின்றன.

முழுசா மூடின கருவி இருக்கும்போது பாதி மூடினது எதுக்கு?

முழுதும் மூடிய கருவியில் தூய ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று, அதை நீர்க்கச் செய்யும் காஸ் சிலிண்டர் ஒன்று என இரண்டு இருக்கும். சென்சார்கள் ஆக்சிஜனை அளந்து சொல்ல, எலெக்ட்ரானிக்ஸோ டைவரோ தேவையான அளவு ஆக்சிஜனைச் சேர்க்க வேண்டும். காஸ் செலவு மிகக் குறைவு, குமிழியும் அநேகமாக இல்லை. ஆனால் சென்சார் பொய் சொன்னால் உயிருக்கே ஆபத்து.

செமி-குளோஸ்டு கருவியில் முன்கூட்டியே கலந்த நைட்ராக்ஸோ (ஆக்சிஜன் கூட்டிய காற்று) ட்ரைமிக்ஸோ (ஆக்சிஜன், நைட்ரஜன், ஹீலியம் கலவை) ஒரே காஸாகச் சுற்றுக்குள் வருகிறது. அதோடு ஆக்சிஜன் அல்லாத நைட்ரஜனும் ஹீலியமும் வந்துகொண்டே இருப்பதால், அவை உள்ளே சேர்ந்து குவியாமல் இருக்கக் கொஞ்சம் காஸை வெளியேற்றியே ஆக வேண்டும். ‘பாதி’ என்பது அந்த வெளியேற்றத்தால் வந்தது. பதிலுக்குக் கிடைப்பது எளிமை: சிலிண்டரில் இருக்கும் காஸ் அந்த ஆழத்தில் நேரடியாகவே சுவாசிக்கக்கூடியது.

பாஸிவ்னா? ஆக்டிவ்னு ஒண்ணும் இருக்கா?

இருக்கிறது. ஆக்டிவ் வகையில் ஒரு நுண்துளை வழியாக நிமிடத்துக்கு இவ்வளவு என்று மாறாத அளவில் காஸ் சுற்றுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். மூச்சு விட்டாலும் இழுத்தாலும் சும்மா மிதந்தாலும் அதே ஓட்டம்தான். கூடுதலானது வால்வு வழியாக வெளியேறும். டிரேகர் நிறுவனத்தின் டால்ஃபின் இந்த வகை.

பாஸிவ் வகையில் தானாக எதுவும் ஓடாது. நீங்கள் மூச்சு விடும்போது ஒரு பங்கு பிடிபட்டு வெளியே போகிறது, அதனால் ஏற்பட்ட குறையை நிரப்ப மட்டும் புதுக் காஸ் வருகிறது. அதாவது கருவி ஆக்சிஜனை எண்ணுவதில்லை, உங்கள் மூச்சை எண்ணுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இனி வரும் நல்லது கெட்டது எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

உள்ள ரெண்டு துருத்தி இருக்காமே, அது எப்படி வேலை செய்யுது?

பெரிய துருத்திக்குள் சின்னத் துருத்தி. இரண்டுக்கும் ஒரே அசையும் தகடு. நீங்கள் மூச்சு விட்டதும் இரண்டும் சேர்ந்து விரிகின்றன. மூச்சின் பெரும்பகுதி வெளித் துருத்தியில் தங்குகிறது, சிறு பகுதி ஒருவழி வால்வைத் தாண்டி உள் துருத்திக்குள் போகிறது. போனது போனதுதான், திரும்பி வர வழியில்லை.

இப்போது மூச்சை இழுக்கிறீர்கள். தகடு இறங்க, வெளித் துருத்தியில் இருந்த காஸ் சோடா லைமைக் கடந்து வாய்க்கு வருகிறது. அதே தகடு உள் துருத்தியையும் நசுக்குவதால், அதில் மாட்டிய காஸ் இன்னொரு வால்வு வழியாகத் தண்ணீருக்குள் தள்ளப்படுகிறது. இரண்டு துருத்திகளின் கொள்ளளவு விகிதம்தான் எவ்வளவு பங்கு வெளியே போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. அதை யாரும் திருகி மாற்ற முடியாது, தொழிற்சாலையிலேயே முடிவான விஷயம். இந்த வகைக் கருவியில் எனக்குப் பிடித்ததும் அதுதான்: டைவர் குழப்ப ஒரு குமிழ்கூட இல்லை.

அப்புறம் மூன்றாவது கட்டம். எட்டில் ஒரு பங்கு குறைந்துவிட்டதால் உங்கள் நுரையீரல் நிரம்பும் முன்பே துருத்தி அடி தட்டிவிடும். அடி தட்டிய தகடு ஒரு வால்வை அமுக்க, சிலிண்டரிலிருந்து புதுக் காஸ் ‘ஸ்ஸ்’ என்று உள்ளே வருகிறது. மூச்சின் கடைசியில் கேட்கும் அந்தச் சத்தம்தான் இந்தக் கருவியின் நாடித்துடிப்பு.

மூச்சை உள்ள இழுக்கும்போது குமிழி வருதே, கருவி கெட்டுப்போச்சா?

இல்லை. மேலே சொன்ன இரண்டாவது கட்டத்தைப் பாருங்கள், உள் துருத்தி நசுங்குவது மூச்சை இழுக்கும்போதுதான். சாதாரண ஸ்கூபாவில் பழகியவருக்கு இது தலைகீழாகத் தெரியும். கவலைப்பட வேண்டியது குமிழி வராமல் போனால்தான். அதைப் பற்றிப் பின்னால் வருகிறது.

எட்டுல ஒரு பங்குதான் வெளிய போகுதுன்னா காஸ் எட்டு மடங்கு நேரம் வருமா?

கிட்டத்தட்ட, ஆனால் முழுதாக எட்டு இல்லை. 30 மீட்டரில் நம் டைவர் சாதாரண ஸ்கூபாவில் நிமிடத்துக்கு 20 × 4 = 80 லிட்டர் செலவழிப்பார். பாஸிவ் கருவியில் வெளியே போவது 10 லிட்டர். உடல் எரித்த ஆக்சிஜன் 1 லிட்டர். மொத்தம் 11. அதாவது ஏழு மடங்குக்குக் கொஞ்சம் மேல். 12 லிட்டர் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்பினால் 2400 லிட்டர். முன்னதில் 30 நிமிடம், பின்னதில் 218 நிமிடம். கையிருப்பு எதுவும் ஒதுக்காத வெறும் கணக்கு இது.

இறங்கும்போது சுருங்கும் சுற்றை நிரப்பவும், மாஸ்க்கில் ஏறிய தண்ணீரை ஊதித் தள்ளவும், மிதவைச் சட்டைக்கும் போகும் காஸ் தனி. ஆழம் கூடினால் இந்தக் கருவியிலும் செலவு கூடும், ஏனென்றால் வெளியே போகும் எட்டில் ஒரு பங்கு அந்த ஆழத்தின் அழுத்தத்தில் அளக்கப்படுவது. முழுதும் மூடிய கருவியில் இந்தத் தொல்லை இல்லை.

சிலிண்டர்ல 32 சதவீதம் இருக்கு. அப்ப நான் சுவாசிக்கிறதும் 32தானே?

இல்லை, எப்போதும் அதைவிடக் குறைவு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

சுற்றுக்குள் 32 சதவீதக் காஸ் வருகிறது. உடல் அதிலிருந்து ஆக்சிஜனை மட்டும் பொறுக்கி எடுக்கிறது. வெளியே போவது ஆக்சிஜன் குறைந்த கலவை. இந்த மூன்றும் ஒரு சமநிலைக்கு வரும்போது சுற்றின் ஆக்சிஜன் ஓர் இடத்தில் நிற்கும். கணக்கு இப்படி: சிலிண்டர் காஸில் ஆக்சிஜன் அல்லாத பங்கை எடுங்கள், 32 சதவீதத்துக்கு அது 0.68. மூச்சுக்கும் ஆக்சிஜன் செலவுக்கும் உள்ள விகிதம் 20; அதில் எட்டில் ஒரு பங்கு 2.5. 0.68-ஐ 2.5-ஆல் வகுத்தால் 0.27 பார். சிலிண்டர் காஸின் ஆக்சிஜன் பகுதி அழுத்தத்திலிருந்து (அந்த ஆழத்தின் மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு) இவ்வளவு கழியும்.

கவனியுங்கள், இந்தக் கழிவில் ஆழம் வரவே இல்லை. எந்த ஆழத்திலும் அதே 0.27 பார்தான். 30 மீட்டரில் சிலிண்டர் காஸ் 0.32 × 4 = 1.28 பார் தரும். கழித்தால் சுற்றில் 1.01 பார், அதாவது 25 சதவீதம். 10 மீட்டரில் 0.64-லிருந்து கழித்தால் 0.37 பார், 18 சதவீதம் சொச்சம். ஆழத்தில் கைச்செலவாகத் தெரிந்த அதே தொகை மேலே வர வர முதலையே விழுங்குகிறது.

அப்ப ஆழத்துலதானே பத்திரம்? தண்ணி மட்டத்துல என்ன ஆகும்?

அதே கணக்கை மட்டத்தில் போடுங்கள். 0.32-லிருந்து 0.27 போனால் 0.05 பார். 0.16-க்குக் கீழே போகக்கூடாது என்பது டைவிங்கில் வழக்கமான எல்லை, 0.10 பக்கம் வந்தால் நினைவு தப்பும். 32 சதவீதக் காஸை மாட்டிக்கொண்டு, வாய்க்கட்டையைக் கடித்தபடி படகிலிருந்து மிதவைக்கயிறு வரை மட்டத்தில் நீந்திப் போகிறவர் சில நிமிடங்களில் மயங்கலாம்.

இதில் கொடுமை என்னவென்றால் எந்த எச்சரிக்கையும் இருக்காது. மூச்சு முட்டுகிறது என்ற உணர்வைத் தருவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு கூடுவதுதான். அதை சோடா லைம் ஒழுங்காக உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது ஆக்சிஜன் எவ்வளவு குறைந்தாலும் சுகமாகத்தான் இருக்கும். நம் டைவர் மட்டத்திலும் சுற்றிலேயே சுவாசிக்க வேண்டுமானால், சாதாரணக் காற்றின் 0.21 பார் கிடைக்கச் சிலிண்டரில் 44 சதவீதமாவது வேண்டும். 50 சதவீதம் போட்டால் கழிவு 0.20 பார், மிச்சம் 0.30. நிம்மதி. அது இல்லாதபோது மட்டத்தில் ஸ்நார்க்கலோ சாதாரண ரெகுலேட்டரோதான் (சிலிண்டரிலிருந்து நேரடியாகச் சுவாசிக்கும் ஸ்கூபா வாய்க்கருவி).

இறங்கும் முன் சோடா லைம் வேலை செய்கிறதா என்று தரையில் உட்கார்ந்து சில நிமிடம் சுவாசித்துப் பார்ப்பார்களே, அதற்கும் இதே எச்சரிக்கை. ஆக்சிஜன் அளவுகோலைப் பார்த்தபடி செய்யுங்கள்.

மேல ஏறும்போது தனியா ஏதாவது பண்ணணுமா?

பண்ண வேண்டும். ஏறும்போது துருத்தியில் உள்ள காஸ் விரிவடைவதால் அது அடி தட்டுவதே இல்லை. அடி தட்டாவிட்டால் புதுக் காஸ் வராது. உடல் மட்டும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டே இருக்கும். அதோடு அழுத்தமும் குறைகிறது. ஆக மேலே சொன்ன சமநிலைக் கணக்கைவிட நிலைமை மோசமாகலாம்.

அதனால் ஏறுவதற்கு முன்னும், ஆழமில்லாத நிறுத்தங்களிலும், சுற்றைப் புதுக் காஸால் அலசிவிடுவார்கள்: மூச்சை மூக்கு வழியாக வெளியே விட்டு, காலியான துருத்தியைப் புதுக் காஸால் நிரப்புவது. சில முறை செய்தால் சுற்று ஏறக்குறைய சிலிண்டர் காஸுக்குத் திரும்பிவிடும். 21 மீட்டரில் 50 சதவீதக் கலவைக்கும் 6 மீட்டரில் ஆக்சிஜனுக்கும் மாறுவது இன்னும் நல்ல வழி. தூய ஆக்சிஜன் மாட்டி, உள்ளே இருக்கும் நைட்ரஜனை அலசித் தள்ளிவிட்டால் கழிவு என்ற பேச்சே இல்லை.

கடுமையா ஃபின் அடிச்சா ஆக்சிஜன் தீர்ந்துடாதா?

ஆக்டிவ் வகையில் அந்தப் பயம் நியாயம். காஸ் ஓட்டம் மாறாது, உடலின் தேவை இரண்டு மூன்று மடங்காகலாம், சுற்றின் ஆக்சிஜன் சரியும். பாஸிவ் வகை இந்த இடத்தில் கெட்டி. உழைப்பு கூடினால் மூச்சு கூடும், மூச்சு கூடினால் வெளியேற்றம் கூடும், அதற்கேற்பப் புதுக் காஸ் வரும். 20 என்று நாம் வைத்த விகிதம் உழைப்பில் பெரிதாக மாறாதவரை கழிவும் மாறாது.

அப்ப மெதுவா, மூச்சை அடக்கி அடக்கி விட்டா காஸ் இன்னும் மிச்சமாகுமே?

ஆகும், அதற்கு ஆக்சிஜனையும் விலையாகக் கொடுப்பீர்கள். மூச்சை எண்ணுகிற கருவியிடம் மூச்சைக் குறைத்தால் அது ஏமாந்துபோகிறது. அடக்கி விடுவதால் விகிதம் 20-லிருந்து 12-க்கு வந்தால், அதே எட்டில் ஒரு பங்கு கருவியில் வகுக்கும் எண் 1.5 ஆகிறது. கழிவு 0.45 பார். 30 மீட்டரில் 0.83 பார் என்று தப்பித்துவிடுவீர்கள். 10 மீட்டரில் 0.19.

சாதாரண ஸ்கூபாவில் சிக்கனமாகப் பேரெடுத்தவர்கள் இந்தப் பழக்கத்தோடு வருகிறார்கள். கார்பன் டை ஆக்சைடு உடலில் தேங்குவது போனஸ். ஆழத்தில் அடர்ந்த காஸை இழுப்பதே சிரமமாகி, நினைக்காமலேயே மூச்சு குறைந்து போவதும் உண்டு. ட்ரைமிக்ஸில் ஹீலியம் சேர்ப்பதற்கு நைட்ரஜன் மயக்கம் மட்டும் காரணமல்ல, காஸை லேசாக்குவதும்தான்.

சுற்றில 25தான் இருக்குன்னா, 32 காஸோட 40 மீட்டர் போகலாமே? 1.4 தாண்டாதே?

கெட்டிக்காரர்கள் கேட்கும் கேள்வி இது. 1.4 பார் என்பது டைவிங்கில் ஆக்சிஜனுக்கு வழக்கமான மேல் எல்லை. கணக்குப்படி 40 மீட்டரில் சுற்றில் 1.33 பார்தான். ஆனால் இறங்கும்போது சுற்று சுருங்கச் சுருங்கப் புதுக் காஸ் கொட்டிக்கொண்டே வருவதால், அடியைத் தொடும் நேரத்தில் நீங்கள் சுவாசிப்பது ஏறக்குறைய 32 சதவீதம், அது 1.6 பார். சுற்றை அலசினாலும் அதே, கருவியை விட்டு ரெகுலேட்டருக்கு மாறினாலும் அதே. அவசரத்தில் பதறி, கடுமையாக மூச்சு வாங்கும் நேரத்தில் 1.6 பார் ஆக்சிஜன் வலிப்புக்கு வெற்றிலை பாக்கு வைப்பது போல.

ஆழ எல்லைக்குச் சிலிண்டர் காஸைப் பாருங்கள். 32 சதவீதத்துக்கு 1.4 பார் என்றால் 33 மீட்டர்.

டைவ் கம்ப்யூட்டர்ல எந்தக் கலவையைப் போடணும்?

டிகம்ப்ரஷனுக்கு, அதாவது உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நின்று நின்று ஏறும் கணக்குக்கு, சுற்றின் காஸ்தான். ஆழ எல்லைக்கு அதிக எண், டிகம்ப்ரஷனுக்குக் குறைந்த எண் என்று இரண்டு பக்கமும் கெட்டதையே எடுத்துக்கொள்வது. 30 மீட்டரில் 32 சதவீதம் சுவாசித்தால் நைட்ரஜன் கணக்கில் அது காற்றோடு 24 மீட்டர் போனதற்குச் சமம். உண்மையில் நீங்கள் சுவாசித்த 25 சதவீதத்துக்கு அது 28 மீட்டர். கம்ப்யூட்டரில் 32 என்று போட்டுவிட்டு நீண்ட நேரம் அடியில் இருந்தால், அது உங்களைச் சீக்கிரமே மேலே அனுப்பிவைக்கும்.

நிறுத்தங்களில் இது இன்னும் உறைக்கும். 6 மீட்டரில் அதே 32 காஸ் சுற்றில் 15 சதவீதமாகிவிடுகிறது. காற்றைவிட மோசம். ஏறும்போது காஸ் மாற்றச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். சுற்றில் சென்சார் வைத்து நேரடியாக அளவைப் படிக்கும் கம்ப்யூட்டர் இருந்தால் இந்தத் தலைவலி குறையும்.

எலெக்ட்ரானிக்ஸே தேவையில்லைங்கறாங்க. அப்ப சென்சார் எதுக்கு?

கருவி ஓடத் தேவையில்லை என்பது உண்மை. பேட்டரி செத்தாலும் துருத்தி விரிந்து சுருங்கும். சென்சார் இல்லாமல் வருடக்கணக்கில் ஆழக் குகைகளில் இறங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கணக்கைத் தலையில் வைத்து, நெறிமுறை பிசகாமல் இறங்கியவர்கள்.

என் கருத்து: ஒன்றாவது இருக்கட்டும். கருவியை ஓட்டுவதற்கு அல்ல, அடுத்த பதிலில் வரும் கோளாறைக் கண்டுபிடிப்பதற்கு.

எந்தக் கோளாறு சத்தமில்லாம ஆளைக் கொல்லும்?

முதலில் சத்தம் போடுகிற கோளாறைப் பார்ப்போம். சிலிண்டர் தீர்ந்தாலோ காஸ் வரும் குழாய் அடைத்தாலோ, துருத்தி அடி தட்டியும் புதுக் காஸ் வராது. சில மூச்சுகளில் இழுக்க எதுவும் இருக்காது. பயமாக இருக்கும், ஆனால் உடனே தெரிந்துவிடும், ரெகுலேட்டருக்கு மாறிக்கொள்ளலாம். பாஸிவ் வகையை விரும்புகிறவர்கள் முதலில் சொல்லும் காரணம் இதுதான்.

பயப்பட வேண்டியது எதிர்ப்பக்கக் கோளாறு: காஸ் வெளியேறாமல் நின்றுபோவது. உள் துருத்தி கிழிந்தாலோ, அதன் ஒருவழி வால்வில் மணலோ முடியோ மாட்டினாலோ, வெளியே போக வேண்டிய காஸ் சுற்றுக்குள்ளேயே திரும்புகிறது. அப்போது குறைவது உடல் எரித்த ஆக்சிஜன் மட்டும். அந்த ஒரு லிட்டருக்குப் பதில் வருவது ஒரு லிட்டர் 32 சதவீதக் கலவை. அதாவது 0.32 லிட்டர் ஆக்சிஜனும் 0.68 லிட்டர் நைட்ரஜனும். மூச்சு நன்றாக வரும், துருத்தி நிறைந்திருக்கும், ஆக்சிஜன் மட்டும் நிமிடத்துக்கு நிமிடம் இறங்கும்.

இதற்கு இரண்டு அடையாளங்கள் உண்டு: குமிழி நின்றுவிடும், மூச்சின் கடைசியில் வரும் ‘ஸ்ஸ்’ சத்தமும் அபூர்வமாகிவிடும். பழகியவர்கள் காதை எப்போதும் அங்கேயே வைத்திருப்பார்கள், கூட வருபவர் குமிழியைப் பார்ப்பார். அமைதியாகிவிட்டதே என்று ரசிக்கிற நேரம் அல்ல அது. உடனே சுற்றை விட்டு வெளியே வந்துவிட வேண்டும், காரணத்தைக் கரையில் தேடிக்கொள்ளலாம்.

சோடா லைம் எவ்வளவு நேரம் தாங்கும்? நிறம் மாறினா மாத்தினா போதுமா?

நிறத்தை நம்ப வேண்டாம். நிறம் காட்டும் ரகத்தில் சற்று நேரம் சும்மா வைத்தால் நிறம் பழையபடி திரும்பலாம், ஆனால் தீர்ந்த மருந்து தீர்ந்ததுதான். தயாரிப்பாளர் சொன்ன நேரத்தைக் கணக்கு வைத்து, அதற்குள் மாற்றுவதுதான் வழி. குளிர்ந்த தண்ணீர், கடும் உழைப்பு, ஆழம் மூன்றும் அந்த நேரத்தைக் குறைக்கும். டப்பாவில் தளர்வாக நிரப்பினால் காஸ் இடைவெளி வழியாக ஓடிவிடும், மருந்தைத் தொடாமலே.

உள்ளே நடப்பது எளிது. சோடா லைமின் பெரும்பகுதி கால்சியம் ஹைட்ராக்சைடு, கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடும் ஈரமும். கார்பன் டை ஆக்சைடு ஈரத்தில் கரைந்து, சோடியம் ஹைட்ராக்சைடோடு வினைபுரிந்து, கடைசியில் கால்சியம் கார்பனேட்டாகத் தங்குகிறது. அப்போது வெப்பமும் தண்ணீரும் உண்டாவதால் சுற்றின் காஸ் இதமான சூட்டோடும் ஈரத்தோடும் இருக்கும்.

உறிஞ்சல் தவறினால் தலைவலி, மூச்சு வாங்கல், காரணமில்லாத பதற்றம். அந்த நிலையில் வாய்க்கட்டையை எடுத்து ரெகுலேட்டரை வைக்கும் ஒரு நொடிகூட மூச்சை நிறுத்த மனம் வராது. வாய்க்கட்டையிலேயே ஒரு திருப்பில் மாறும் வால்வு இருந்தால் பெரிய உதவி.

தண்ணி உள்ள போயிட்டா?

கொஞ்சம் போனால் துருத்தியில் தேங்கும். சில வடிவமைப்புகளில் வெளியேறும் காஸோடு சேர்ந்து அதுவும் போய்விடும். நிறைய போய் சோடா லைமை நனைத்தால் வாயைச் சுடும் காரக் கரைசல் மூச்சுக்குழாய் வழியே வரும். துப்பிவிட்டு ரெகுலேட்டருக்கு மாறி, வாயைத் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டும். அன்றைய டைவ் முடிந்தது.

காஸ் இவ்வளவு மிச்சம்னா சின்ன சிலிண்டரே போதுமே?

போதாது. கருவி பழுதானால் திரும்பி வரும் வழி முழுவதும் சாதாரண ஸ்கூபாதான். 30 மீட்டரில் 30 நிமிடத் தூரம் திரும்ப வேண்டுமானால், அமைதியாக வந்தாலே 2400 லிட்டர். பதற்றத்தில் மூச்சு நிமிடத்துக்கு 30 லிட்டராகிவிட்டால் 3600. அந்தக் காஸ் கையில் இருந்தே ஆக வேண்டும்.

ஆகவே இந்தக் கருவி தருவது நேரம், சுமைக் குறைப்பு அல்ல. உங்கள் காஸ் கருவியில் செலவாவது சொற்பம், மீதி எல்லாம் காப்பீடு. இரண்டும் ஒரே காஸ் என்பதால் தனியாக அவசரச் சிலிண்டர் காஸ் தேர்வு செய்யும் குழப்பம் மட்டும் இல்லை.

ஆழத்துக்கேத்த மாதிரி வெளியேற்றத்தைக் குறைக்கிற கருவி உண்டாமே?

உண்டு. ஆழம் கூடக்கூட வெளியே போகும் பங்கைக் குறைத்தால், காஸ் செலவு ஆழத்தோடு ஏறாது, ஆக்சிஜன் சதவீதமும் ஆழத்துக்கு ஆழம் மாறாது. ஹால்சியன் நிறுவனத்தின் பிவிஆர்-பாஸ்க் இப்படிப்பட்டது. கேட்க அழகாக இருக்கிறது. அதற்கு வேண்டிய கூடுதல் நுட்பம்தான் இடைஞ்சல். அதன் பிறகு பேர் வாங்கிய ஆர்பி80 என்ற பாஸிவ் கருவியில் அந்த ஈடுகட்டல் கிடையாது.

நிஜமா இதை யார் பயன்படுத்துறாங்க?

பெரும்பாலும் ஆழமான, நீண்ட குகைகளுக்குள் போகிறவர்கள். ஆர்பி80-ஐ 1996-இல் ரைன்ஹார்ட் புகாலி குகை ஆய்வுக்காகத்தான் உருவாக்கினார். பார்வைக்கு ஒரு சாதாரண 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர் அளவில் இருக்கும், இரட்டைச் சிலிண்டர்களுக்கு நடுவே முதுகில் உட்காரும்.

2007 டிசம்பரில் ஃபுளோரிடாவில் குகை டைவர்கள் ஜாரட் ஜப்லோன்ஸ்கியும் கேசி மெக்கின்லேயும் டர்னர் சிங்க் என்ற நீர்க்குழியில் இறங்கி, குகை வழியே போய் வக்குல்லா ஊற்றில் வெளியே வந்தது ஆர்பி80-களோடுதான். சுமார் 11 கிலோமீட்டர் தூரம், சுமார் 90 மீட்டர் ஆழம். மேலே மட்டம் இல்லாத, நடுவில் ஏற முடியாத இடத்தில் காஸ் ஏழெட்டு மடங்கு நீள்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று அங்கே புரியும். பவளப்பாறையைச் சுற்றி 15 மீட்டரில் ஒரு மணி நேரம் நீந்த இது தேவையே இல்லை. அந்த ஆழத்தில் சாதாரண சிலிண்டரே போதும், இந்தக் கருவியோ தன் மோசமான பக்கத்தைத்தான் காட்டும்.

நான் ட்ரைமிக்ஸ்ல 60 மீட்டர் போகப்போறேன். இதே கணக்கு அங்கயும் சரியா?

சரிதான். 18 சதவீத ஆக்சிஜன், 45 சதவீத ஹீலியம் என்று வைப்போம். ஆக்சிஜன் அல்லாத பங்கு 0.82, வகுத்தால் கழிவு 0.33 பார். 60 மீட்டரில் 7 பார், சிலிண்டர் காஸ் 1.26 பார் தரும், சுற்றில் 0.93. டிகம்ப்ரஷன் கணக்குக்கு 13 சதவீதம்.

இதே காஸை மட்டத்தில் போட்டால் கழிவு வரவை விடப் பெரியது, விடை பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. அதாவது சமநிலைக்கு வருவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். 10 மீட்டரில்கூடச் சுற்றில் 0.03 பார்தான், ஆகவே அங்கேயும் ஆகாது. இறங்கும்போது 50 சதவீதக் கலவையில் தொடங்கி, 21 மீட்டர் தாண்டும் முன் அடிக்காஸுக்கு மாறுங்கள். ஏறும்போது 21 மீட்டரில் திரும்பவும் 50. எந்த வால்வு எந்தச் சிலிண்டருக்கு என்பதை, மாற்றும் ஒவ்வொரு முறையும் கூட வருபவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.